உவர்மலை வீட்டில் வைஃபை மேல்மாடிக்கு எட்டவில்லை, மெஷ் வாங்கினால் வயரும் இழுக்கத்தான் வேண்டுமா?

உவர்மலையான்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். கீழ் வீடு தாத்தா காலத்துக் கட்டிடம், சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி தடிப்பு, ஆணி அடிக்கப்போனால் சுண்ணாம்பு கொட்டுமே தவிர ஆணி இறங்காது. பிறகு நாங்கள் பக்கத்தில் தூண் எழுப்பி, கொங்கிரீட் பிளேட் போட்டு, மேலே இரண்டு அறை கட்டினோம். வளவின் பின்பக்கம் தனியாக ஒரு அறை இருக்கிறது, அதில் அம்மம்மா இருக்கிறா. கீழ் வீட்டுப் பின்சுவரிலிருந்து அந்த அறைக்கு அளந்து பார்த்தேன், 17 மீட்டர். நடுவில் கிணறும் ஒரு மாமரமும்.

பைபர் லைன் முன் விறாந்தைக்கு வருகிறது, கம்பனி தந்த ரவுட்டரும் அங்கேதான் சுவரில் தொங்குகிறது. 300 எம்பிபிஎஸ் பெக்கேஜ். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால் 280 வரை காட்டும், அடுத்த அறையில் 70, மேல்மாடியில் மகள் படிக்கும் அறையில் 5 அல்லது 6, அதுவும் கதவு திறந்திருந்தால். அவளுக்கு இந்த வருடம் உயர்தரப் பரீட்சை, ஒன்லைன் வகுப்பு நடுவில் அறுந்தால் வீட்டில் என் பாடு தெரியும்தானே. பின் அறையில் சுத்தமாக ஒன்றுமில்லை. கனடாவிலிருந்து பெரியம்மா வீடியோ கோல் எடுத்தால் அம்மம்மா குசினிப் படிக்கு வந்து குந்திக்கொண்டு, போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கதைப்பா. அந்த ஒரு படியில்தான் இரண்டு கோடு காட்டும், ஒரு படி கீழே இறங்கினால் பெரியம்மா வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவா.

போன மாதம் ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாடிப்படித் திருப்பத்தில் செருகினேன். மேலே இப்போது நான்கு கோடும் நிறையக் காட்டுகிறது, ஆனால் ஒன்றும் ஓடுவதில்லை. இது என்ன மாயம் என்று விளங்கவில்லை.

இப்போது மெஷ் செட் வாங்க யோசிக்கிறேன், ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மூன்று பெட்டி. கடைக்காரர் வயரே தேவையில்லை, செருகிவிட்டால் போதும் என்கிறார். வேலை செய்யும் இடத்து நண்பர், வயர் இழுக்காமல் மெஷ் வாங்குவது டொக்யார்ட் வீதியில் நின்று காசைக் கடலுக்குள் எறிவதற்குச் சமம் என்கிறார். யார் சொல்வது சரி? மேல்மாடிக்குப் பழைய டெலிபோன் வயர் ஒன்று பைப்புக்குள்ளால் போகிறது, இப்போது சும்மாதான் கிடக்கிறது, அதைப் பாவிக்க முடியுமா?

அலெஸ்தோட்டம் பொடியன்:

அண்ணா யோசிக்காமல் மூன்று பெட்டியையும் வாங்கி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வயரும் இல்லை, ஜம்மென்று ஓடுது. பெரிய சிவில் வேலை எல்லாம் எதற்கு.

வயர்க்காரன்:

தம்பி பொடியன், உங்கள் வீடு புளொக்கல் சுவர், மேலே ஷீட், சரியா? அங்கே ஓடும். இவருடையது ஒன்றரை அடிக் கல்சுவர், அதற்கு மேலே கம்பி கட்டிய பிளேட். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளுக்கு இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நான்கு கோட்டு மாயம். போனில் தெரியும் கோடு உங்கள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவிலான தூரத்தை மட்டும்தான் சொல்கிறது. ரிப்பீட்டருக்கும் விறாந்தையில் இருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன சீர்கேடு என்று அது சொல்வதில்லை. மாடிப்படித் திருப்பத்துக்கு வரும்போதே சிக்னல் நொந்து போயிருக்கும், ரிப்பீட்டர் அந்த நொந்ததைத்தான் உரத்துச் சொல்கிறது. அதுமட்டுமில்லை, சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புகிறது. ஒரே ஆள் கிணற்றில் தண்ணீர் அள்ளி, அதே ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றுகிற மாதிரி, அவன் தொட்டியடியில் நிற்கும் நேரம் கிணற்றில் யாரும் அள்ளுவதில்லை. அதனால்தான் அந்த ஒரு தாவலிலேயே வேகம் பாதிக்குப் போய்விடும், பிறகு சுவர் தன் பங்கை எடுக்கும்.

வயர் இல்லாத மெஷ்ஷும் அடிப்படையில் இதே வேலைதான், கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்கிறது, அவ்வளவுதான். பெட்டிகள் தங்களுக்குள் கதைக்கத் தனியாக மூன்றாவது ரேடியோ வைத்த விலைகூடிய செட்டுகள் இருக்கின்றன. நல்லவைதான், ஆனால் அந்த ரேடியோவும் உங்கள் தாத்தாவின் சுவருக்குள்ளால்தான் போகவேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, தடித்த சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் அதில் ஒன்றையொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், அதில்தான் பக்கத்து வீட்டுக்காரரும் இருப்பார்.

இன்னொரு விஷயம், இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். வயர் இல்லாத மெஷ் பெட்டியை சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில்தான் வைக்க முடியும், அதாவது தேவையான அறைக்குப் பாதி வழியில். வயர் கொடுத்த பெட்டியை நேரே மகளின் மேசைக்கு மேலேயே வைக்கலாம், அதற்கு ரவுட்டரின் சிக்னல் ஒரு பொட்டும் தேவையில்லை. வயர் இழுத்தால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பது என் கருத்து, வேகமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டெலிபோன் வயரைப் பாவிக்க வேண்டாம். அதில் இரண்டு சோடி இழைதான் இருக்கும், கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு சோடி வேண்டும். ஆனால் அது பைப்புக்குள் ஓடுகிறது என்றீர்களே, அதுதான் உங்களுக்கு அடித்த லொத்தர். பழைய வயரின் நுனியில் புது கேட்6 நெட்வேர்க் வயரின் நுனியைச் சேர்த்து இறுக்கிக் கட்டி, முடிச்சு மொத்தமாக இல்லாமல் டேப் சுற்றி, மேலே சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒருவர் மேலே நின்று இழுக்க ஒருவர் கீழே நின்று வயரை ஊட்டிவிடுங்கள். பழையது வெளியே வர, புதியது உள்ளே வந்து சேரும். கரண்ட் வயர் ஓடும் பைப்புக்குள் மட்டும் இதைப் போடாதீர்கள், அதில் ஓடுவது 230 வோல்ட்.

வயரை மீட்டர் கணக்கில் வாங்குங்கள், 305 மீட்டர் பெட்டி உங்களுக்குத் தேவையில்லை. ஒரு ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால் சரி, உங்கள் வீட்டில் எப்படி இழுத்தாலும் தாண்டாது. வாங்கும்போது ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. மேலே செம்பு, சுரண்டினால் வெள்ளையாக வந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, இரண்டு தரம் மடக்கினால் முறியும். அதை வைத்துவிட்டு வேறு கடை பாருங்கள்.

உவர்மலையான்:

மிக்க நன்றி அண்ணா, இப்போதுதான் விளங்குது. அப்படியென்றால் பின் அறைக்கும் இதே கேட்6 வயரை மாமரத்தில் கட்டி இழுத்துவிடலாமா? அப்புறம், மெஷ் வைத்தால் கம்பனி ரவுட்டரைக் கழற்றவேண்டுமா? அதில் டிவி பெட்டியும் ஓடுகிறது.

சாம்பல்தீவு வாத்தி:

மாமரத்தில் கட்டவேண்டாம் ஐயா! இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

எங்கள் வீட்டிலிருந்து தோட்டத்துப் பக்கம் இருக்கும் டியூஷன் கொட்டிலுக்கு 30 மீட்டர் சாதாரண வயர் இழுத்து வைத்திருந்தேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. ஒரு ஐப்பசி மாதம் பின்னேரம் இடி இடித்தது, எங்கள் வளவில் விழவில்லை, எங்கேயோ தூரத்தில்தான் விழுந்தது. அந்த ஒரு வெட்டில் கொட்டிலில் இருந்த பெட்டி, வீட்டில் இருந்த நெட்வேர்க் சுவிட்ச் (ஒரு வயரைப் பல வயராகப் பிரிக்கும் பெட்டி), அதில் செருகியிருந்த மகனின் கொம்பியூட்டரின் நெட்வேர்க் போர்ட் மூன்றும் போயின. பார்த்தால் கருகவுமில்லை மணக்கவுமில்லை, லைட் மட்டும் எரியாது. செம்பு வயர் இரண்டு கட்டிடத்துக்கு நடுவில் வெளியே கிடந்தால் மின்னல் சுற்றுவட்டாரத்தில் எங்கே விழுந்தாலும் அதில் மின்சாரம் ஏறிவிடும், அது இரண்டு பக்கப் பெட்டிக்குள்ளும் புகும். நம் பக்கம் சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த 30 மீட்டருக்கும் பைபர் போட்டிருக்கிறேன். கண்ணாடி நூல்தானே, மின்னல் ஏறாது. இரண்டு பக்கமும் பைபரையும் நெட்வேர்க் வயரையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி, கையடக்கம். ஒற்றை நூலில் ஓடுவது என்றால் சோடியாகத்தான் வாங்கவேண்டும், ஒரு பெட்டி 1310 நனோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550இல் கேட்கும், மற்றது அதற்கு எதிர்மாறு. அவசரத்தில் ஒரே மாதிரி இரண்டை வாங்கி வந்து அரை நாள் தலையைச் சொறிந்தேன், நீங்கள் அதைச் செய்யவேண்டாம். நுனி பொருத்தியே வரும் 30 மீட்டர் கேபிள் வாங்கினால் ஒட்டுவதற்கு ஆள் தேடத் தேவையில்லை, மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள், இறுக்கமாக மடக்கினால் மட்டும் உடைந்துவிடும். தாங்குவதற்கென்று இரும்புக் கம்பி சேர்த்த கேபிளாக இருந்தால் அந்தக் கம்பியைக் கட்டிடத்துக்கு வெளியிலேயே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் செம்பை ஒதுக்கியதில் அர்த்தமில்லை.

வயர்க்காரன்:

வாத்தியார் சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், கேபிள் சுவருக்குள் நுழையும் துளையை வெளிப்பக்கம் தாழ்வாக வரும்படி சரித்துத் துளையுங்கள், நுழைவதற்கு முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மாரி மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது. வெளியே எந்த இடத்திலும் ஜொயின்ட் வைக்காதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்கு, வயர் நுனியில் அடிக்கும் கிளிப்பின் பல்லெல்லாம் ஒரு வருடத்தில் பச்சை பிடித்துவிடும், நிலாவெளியில் கடலைப் பார்த்த அறைகளில் இதைக் கழற்றிக் கழற்றியே எனக்கு வயது போகிறது.

கம்பனி ரவுட்டரைக் கழற்ற வேண்டாம். டிவி பெட்டி அதற்கென்ற போர்ட்டிலேயே கிடக்கட்டும், அதைத் தொட்டால் பிறகு கம்பனிக்குக் கோல் எடுத்துக்கொண்டு இருக்கவேண்டும். அதில் வைஃபையை மட்டும், 2.4, 5 இரண்டையும் நிறுத்திவிடுங்கள். மெஷ்ஷின் போன் அப்பில் போனால், வைஃபையை மட்டும் பரப்புகிற அக்சஸ் பொயின்ட் மோட் என்று இருக்கும், அதற்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கம்பனி ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தரம் ஐபி முகவரி பிரித்துக் கொடுக்கும், மெஷ் இன்னொரு தரம் பிரித்துக் கொடுக்கும், ஒரு குசினியில் இரண்டு மருமகள் மாதிரி. சாதாரணமாக யூடியூப் பார்ப்பவருக்குத் தெரியாது. கேம் விளையாடுபவர், கமரா வைத்திருப்பவர், ஒரு வைஃபையில் இருந்துகொண்டு மற்றதில் இருக்கும் பிரின்டரைத் தேடுபவர், இவர்களுக்குத்தான் கரைச்சல்.

விறாந்தையில் ஒரு சின்ன கிகாபிட் சுவிட்ச் வையுங்கள், கம்பனி ரவுட்டரிலிருந்து அதற்கு ஒரு வயர், அதிலிருந்து மூன்று பெட்டிக்கும் தனித்தனி வயர். வயர் செருகியதும் பெட்டிகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். செட்டை வாங்கும்போது போர்ட் கிகாபிட்டா என்று கேளுங்கள். டிபி-லிங்கின் டெக்கோ மெஷ்ஷிலேயே எம்4 என்றால் கிகாபிட், ஈ4 என்றால் 100தான்.

பாலையூற்று ரேடியோ:

சேனலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் 52இலிருந்து 144 வரை ரேடாரோடு பங்கு போடும் சேனல்கள். ரேடார் மாதிரி ஒன்று காதில் விழுந்தால் உங்கள் பெட்டி உடனே சேனலை விட்டு ஓடவேண்டும் என்பது விதி, புதுச் சேனலும் அதே கூட்டத்தில் என்றால் பேசுவதற்கு முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கவேண்டும். துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு எதற்கு அந்த வம்பு, 36 முதல் 48க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சில மெஷ் செட்டில் சேனலைக் கையால் மாற்ற விடாது, வாங்கும் முன் பாருங்கள்.

போன் எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது போன்தான், மெஷ் புத்திமதி மட்டும்தான் சொல்லும். மேலே ஏறிய பிறகும் கீழ்ப் பெட்டியையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் போன்கள் உண்டு. பவரைக் குறைக்க வழி இருந்தால் கீழ்ப் பெட்டியில் 2.4இன் பவரைக் குறைத்துப் பாருங்கள். பெட்டி விட்டுப் பெட்டி சீக்கிரம் மாற உதவும் ஃபாஸ்ட் ரோமிங் என்ற செட்டிங்கைப் போட்டதும் பழைய போன் ஏதாவது சேராமல் அடம்பிடித்தால், அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

உவர்மலையான்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

போன ஞாயிறு வேலை முடிந்தது. டெலிபோன் வயரைப் பிடித்து இழுத்தோம், பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது, மச்சானும் நானும் மாறி மாறி இழுத்தும் அசையவில்லை. மேலே பைப்பின் வாயைப் பார்த்தால் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. சைக்கிள் கம்பியால் அதைக் குத்தி உதிர்த்து, திரும்பவும் சவர்க்காரம் போட்டு இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. பின் அறைக்குப் பைபர், மதிலோரமாக பிவிசி பைப்புக்குள் போட்டோம், நீளம் கூடினாலும் மாமரத்தை விட்டோம்.

முதல் நாள் இரவு எல்லாம் நன்றாக ஓடி, 9 மணிக்கு மொத்த வீடும் நின்றுவிட்டது. சுவிட்சில் எல்லா லைட்டும் ஒன்றாகப் படபடவென்று அடித்துக்கொள்கிறது, ரவுட்டரின் பக்கம் 192.168.1.1 கூடத் திறக்கவில்லை. அரை மணித்தியாலம் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் சின்னவன், சுவிட்சில் ஒரு பக்கம் செருகி மறுபக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருந்த வயரைக் கண்டு, பாவம் விடுபட்டுவிட்டது என்று மறு நுனியையும் அதே சுவிட்சில் செருகியிருக்கிறான், எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. கழற்றியதும் மூச்சு வந்தது.

இப்போது ஒரே ஒரு கேள்வி. கீழே 280 வருகிறது. மேலே, மகளின் அறையில், பெட்டிக்குக் கீழேயே நின்றாலும் 94. காலையில் 94, நடுச்சாமத்தில் 94. முந்தி 6 வந்த இடத்துக்கு இது சொர்க்கம்தான், ஆனாலும் ஏன் எப்போதும் அதே எண்?

வயர்க்காரன்:

94 என்ற எண்ணைக் கண்டாலே கையை நேரே கிளிப்புக்குக் கொண்டுபோங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் உண்மையில் கிடைக்கும் உச்சம் அதுதான். கிகாபிட்டுக்கு எட்டு இழையும் தொடவேண்டும். 1, 2, 3, 6ஆம் இழைகள் மட்டும் தொட்டு மற்றதில் ஒன்று விடுபட்டாலும் இரண்டு பெட்டியும் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிச் சம்மதித்துவிடும். இழுக்கும்போது இறுகியது என்றீர்களே, அதில் ஒரு இழை அறுந்திருந்தால் புது வயர்தான். ஆனால் பத்துக்கு ஒன்பது கிளிப் அடித்ததில்தான் பிழை இருக்கும். வெட்டித் திரும்ப அடியுங்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இரண்டு பக்கமும் இதே வரிசை. அடிப்பதற்கு முன் கிளிப்பின் முன்பக்கம் கண்ணாடிக்குள்ளால் எட்டுச் செம்புப் பொட்டும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

உவர்மலையான்:

நீலம்! மேல் பக்கக் கிளிப்பில் நீல இழை பாதியிலேயே நின்றிருக்கிறது, நுனிவரை போகவே இல்லை. அடித்தது நான்தான், வேறு யாரையும் திட்டவும் முடியாது. திரும்ப அடித்ததும் சுவிட்சில் லைட்டின் நிறமே மாறிவிட்டது, மேலே இப்போது 270.

பின் அறையில் 94தான், அங்கே நான் வாங்கிய கன்வெர்ட்டரே 100. அம்மம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு பெரியம்மாவோடு ஒன்றரை மணித்தியாலம் கதைக்கிறா, அதனால் மாற்றப்போவதில்லை. கரண்ட் போனால் மட்டும் இரண்டு கன்வெர்ட்டரும் பெட்டியும் படுத்துவிடுகின்றன. விறாந்தையில் ரவுட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் ஒன்று இருக்கிறது, அதிலேயே மற்றதையும் செருகலாமா?

சாம்பல்தீவு வாத்தி:

ஒவ்வொன்றின் அடப்டரையும் புரட்டி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள் ஐயா. ரவுட்டர் 12 வோல்ட் என்றிருக்கும், கன்வெர்ட்டர் பெரும்பாலும் 5. பின்பக்கம் 5 வோல்ட் அவுட்டும் உள்ள யூபிஎஸ் என்றால் விறாந்தைப் பக்கத்துக் கன்வெர்ட்டரை அதில் கொடுக்கலாம், சுவிட்சையும் அதன் வோல்டைப் பார்த்துக் கொடுங்கள், அம்பியரைக் கூட்டி யூபிஎஸ் தாங்குமா என்று பார்த்துவிட்டு. 12 வோல்ட் வயரைக் கொண்டுபோய் 5 வோல்ட் பெட்டியில் செருகிவிடாதீர்கள், பிளக் இரண்டும் ஒரே அளவாக இருக்கக்கூடும். அம்மம்மா பக்கத்துக்குத் தனியாக இன்னொன்று வாங்கவேண்டும்.